பூசண வாடைக்கு ஓசோன் மெஷின் வைக்கலாமா?

கேள்வி: மடிப்பாக்கத்தில் 15 வருடப் பழைய அபார்ட்மெண்டில் முதல் மாடியில் இருக்கிறோம். மழை நின்று இரண்டு மாதம் ஆகியும் படுக்கையறையில் பூசண வாடை போகவில்லை. பாத்ரூம் சுவரை ஒட்டிய அலமாரியைத் திறந்தால் இன்னும் மோசம். ஓசோன் மெஷின் வைத்து ஒரே நாளில் வாடையை எடுத்துத் தருவதாக ஒரு கம்பெனி சொல்கிறது. நம்பிப் பணம் கொடுக்கலாமா?

பதில்:

இப்போதைக்குக் கொடுக்காதீர்கள். அந்தச் சுவர் எங்கிருந்து தண்ணீர் குடிக்கிறது என்று கண்டுபிடித்து, அதை நிறுத்தி, சுவர் காய்ந்த பிறகும் வாடை மிச்சம் இருந்தால் அப்போது யோசிக்கலாம். ஓதம் ஏறிய வீடுகளைப் பார்த்துச் சரிசெய்யும் வேலையில்தான் நானும் இருக்கிறேன். மெஷினை மட்டும் நம்பிப் பணம் கொடுத்தவர்கள், அடுத்த மழையில் அதே வாடையோடு மறுபடி ஆள் தேடுவதைப் பார்த்துப் பார்த்து மனம் வெறுத்துப் போய்த்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

முதலில் அந்த வாடை என்னவென்று பார்ப்போம். பூஞ்சை ஈரமான மரம், துணி, காகிதம், பெயிண்ட் ஆகியவற்றைத் தின்று வளரும்போது சில வேதிப்பொருட்களைக் காற்றில் விடுகிறது. அதில் ஒன்று ஆக்டினால். காளானை நறுக்கும்போது வருகிற வாடை பெரும்பாலும் அதுதான். ஈரச் சுவரில் பூஞ்சையோடு சேர்ந்து வாழும் ஒருவகை பாக்டீரியா ஜியோஸ்மின் என்ற பொருளை உண்டாக்குகிறது. முதல் மழைக்கு எழும்பும் மண்வாசனையிலும் இருப்பது இதே ஜியோஸ்மின்தான். ஒரு லட்சம் கோடிப் பங்கில் சில பங்கு இருந்தாலே மனித மூக்கு இதைப் பிடித்துவிடும். அதனால்தான் கண்ணுக்கு ஒரு புள்ளிகூடத் தெரியாத அறையிலும் வாடை தூக்கலாக அடிக்கிறது. ஈரம் இருக்கும்வரை பூஞ்சை வளரும், வளரும்வரை வாடையும் வந்துகொண்டே இருக்கும். சாம்பிராணி போட்டாலும் சரி, விலை உயர்ந்த வாசனை ஸ்பிரே அடித்தாலும் சரி, அது சில மணி நேரத்துக்குத்தான்.

உங்கள் கேள்வியில் எனக்கு முக்கியமாகப் பட்டது, அலமாரி பாத்ரூம் சுவரை ஒட்டி இருப்பது. சென்னை அபார்ட்மெண்டுகளில் பாத்ரூம் தளத்தை மற்ற அறைகளைவிடச் சுமார் ஒரு அடி தாழ்த்திப் போட்டு, அந்தக் குழிக்குள் குழாய்களைப் பதித்து, மேலே செங்கல் துண்டும் கட்டிட உடைசலும் கொட்டி நிரப்பி டைல்ஸ் ஒட்டுவது பரவலான வழக்கம். இதை சன்கன் ஸ்லாப் என்பார்கள். டைல்ஸ் இணைப்பில் போட்ட சிமெண்ட் காலப்போக்கில் கரைந்து போகும். இல்லை, உள்ளே பதித்த குழாயின் இணைப்பு லேசாக விடும். சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் இறங்கி அந்தக் குழி முழுக்க ஊறி நிற்கும். அங்கிருந்து பக்கத்துச் சுவரின் அடிப்பகுதி ஈரத்தை உறிஞ்சி மேலே ஏற்றும். சுவரில் ஒன்றிரண்டு அடி உயரம்வரை பெயிண்ட் உப்பி, வெள்ளையாக உப்பு பூத்திருந்தால் பெரும்பாலும் இதுதான் கதை. மழை நின்ற பிறகும் போகாத ஈரம் என்றால் குழாயின் மேல் சந்தேகம் இன்னும் வலுக்கிறது.

ஆனால் பார்க்காமல் தீர்ப்புச் சொல்லக் கூடாது. வெளிச்சுவர் விரிசல், ஜன்னல் சன்ஷேடு சேரும் இடம், ஏசி தண்ணீர் வெளியேறும் பைப் அடைத்துச் சுவருக்குள் ஒழுகுவது என்று வேறு காரணங்களும் உண்டு. ஏசியால் இன்னொரு தொல்லையும் வரும். அறையை 18 டிகிரிக்குக் குளிரவைத்தால், அந்தச் சுவரின் மறுபக்கம் ஏசி இல்லாத அறையில் ஈரக்காற்று பட்டு வியர்த்துவிடும். ஒழுகல் எதுவுமே இல்லாத வீட்டில் இப்படிப் பூசணம் பிடிக்கும்போது, கொத்தனார் ஏன் என்று தெரியாமல் சுவரைக் கொத்திக்கொண்டே இருப்பார்.

வீட்டிலேயே செய்யக்கூடிய சோதனை ஒன்று சொல்கிறேன். ஒரு அடிக்கு ஒரு அடி பாலிதீன் தாளைச் சந்தேகப்படும் சுவரில் வைத்து, நான்கு ஓரத்தையும் டேப்பால் இடைவெளி இல்லாமல் ஒட்டுங்கள். இரண்டு நாள் கழித்துப் பாருங்கள். தாளுக்கு உள்பக்கம் நீர்த்துளி இருந்தால் ஈரம் சுவரிலிருந்து வருகிறது. அறைப் பக்கம் துளி இருந்தால் காற்றின் ஈரம் குளிர்ந்து படிகிறது. முதல் வகைக்கு பிளம்பரும் கொத்தனாரும் வேண்டும். இரண்டாவதற்கு ஏசியை 25, 26 டிகிரியில் வைத்து, காற்றோட்டத்தைச் சரிசெய்து, அலமாரியைச் சுவரிலிருந்து நான்கு விரல் தள்ளி வைத்தாலே பெரும்பாலும் தீர்ந்துவிடும். சுவரோடு சேர்த்து அடித்த அலமாரி என்றால் பின்பலகையில் காற்றுத் துளைகளாவது போட வேண்டும்.

வாடை நீக்க வருபவர்களில் நல்லவரை எப்படி அடையாளம் காண்பது? என்னைப் பொறுத்தவரை, அவர் பையிலிருந்து முதலில் வெளியே வருவது ஈரமானியாக இருக்க வேண்டும். சுவரில் வைத்தால் எங்கே ஈரம் அதிகம், எங்கே குறைவு என்று காட்டும் சின்னக் கருவி அது. சுவர் முழுக்க வைத்துப் பார்த்து, ஈரம் எந்தத் திசையில் கூடுகிறது என்று பென்சிலால் குறித்துக்கொண்டு போனால் ஒழுகும் இடத்துக்கு அதுவே வழிகாட்டும். வாசலிலேயே நின்று மூக்கை உறிஞ்சிவிட்டு சதுர அடிக்கு இவ்வளவு என்று ரேட் சொல்பவரை நன்றி சொல்லி அனுப்பிவிடுங்கள். காற்றை பாட்டிலில் பிடித்து லேபுக்கு அனுப்ப வேண்டும் என்று தனியாகக் காசு கேட்பவரிடமும் கவனமாக இருங்கள். கண்ணுக்குப் பூசணம் தெரிகிற வீட்டில் பெரும்பாலும் அந்தச் சோதனைக்கு அவசியமே இல்லை என்று அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் வழிகாட்டலே சொல்கிறது.

ஒழுகல் நின்ற பிறகுதான் சுத்தம் செய்யும் வேலை. பூசணம் சுமார் மூன்று அடிக்கு மூன்று அடி பரப்புக்குள் இருந்தால் நீங்களே செய்யலாம். அதற்கு மேல் போனாலோ, வீட்டில் ஆஸ்துமாக்காரர், கைக்குழந்தை, கீமோ எடுப்பவர் யாராவது இருந்தாலோ ஆள் வைப்பது நல்லது. சரியாகச் செய்பவர்கள் முதலில் அந்த அறையைப் பாலிதீன் ஷீட்டால் மற்ற அறைகளிலிருந்து பிரிப்பார்கள். உள்ளிருக்கும் காற்று வீட்டுக்குள் போகாமல் வெளியே மட்டும் போகும்படி விசிறி வைப்பார்கள். மிக நுண்ணிய தூசியையும் பிடிக்கும் ஹெப்பா வடிகட்டி வைத்த வேக்குவமால் உறிஞ்சி, பிறகு ஈரத்துணியில் சோப்புக் கரைசல் தொட்டுத் துடைப்பார்கள். உலர்ந்த பூசணத்தை துடைப்பத்தால் தட்டுவதும், சீலிங் ஃபேனைப் போட்டுவிட்டுத் தேய்ப்பதும் கூடவே கூடாது. ஒரு சுவரில் இருந்த வித்துகள் வீடு முழுக்கப் பரவிவிடும். நீங்களே செய்வதானாலும் என்95 மாஸ்க், கையுறை, கண்ணாடி மூன்றும் கட்டாயம்.

பிளீச்சிங் பவுடர் பற்றி ஒரு எச்சரிக்கை. டைல்ஸ், கண்ணாடி போன்ற வழவழப்பான பரப்பில் அது வேலை செய்யும். சிமெண்ட் பூச்சிலும் பிளைவுட்டிலும் மேலே கறுப்பு வெளுக்குமே தவிர, உள்ளே வேரோடியது அப்படியே இருக்கும். இதைவிட முக்கியம், பிளீச்சிங் பவுடரோடு பாத்ரூம் கழுவும் ஆசிட்டைத் தப்பித் தவறியும் சேர்த்துவிடாதீர்கள். குளோரின் வாயு கிளம்பும். மூடிய பாத்ரூமில் அது உயிருக்கே ஆபத்து.

அடுத்துச் சொல்லப்போவது பலருக்குப் பிடிக்காது. சில பொருட்களைத் தூக்கிப் போட்டுத்தான் ஆக வேண்டும். ஊறி உப்பிய பிளைவுட், ஜிப்சம் போர்டு, ஈரம் இறங்கிய மெத்தை, தலையணை இவற்றிலிருந்து வாடையை முழுதாக எடுக்கவே முடியாது. கல்யாணத்துக்கு அம்மா வாங்கிக் கொடுத்த இலவம்பஞ்சு மெத்தையை எப்படிப் போடுவது என்று கண் கலங்கியவர்களைப் பார்த்திருக்கிறேன். அந்த வருத்தம் எனக்கும் புரிகிறது. ஆனால் அதன்மேல் தினமும் எட்டு மணி நேரம் முகம் வைத்துப் படுக்கிறோம் என்பதை நினைத்துப் பாருங்கள். துணிகளைப் பெரும்பாலும் காப்பாற்றலாம்: வெந்நீர் தாங்குவதை வெந்நீரில் துவைத்து வெயிலில் உலர்த்துங்கள், பட்டுத் துணியை நிழலில் காற்றாட விடுங்கள். அலமாரியில் அந்துருண்டையை அள்ளிப் போட்டு வாடையை மறைக்கும் வழக்கத்தை விட்டுவிடுங்கள். ஜி6பிடி என்ற என்சைம் பிறவியிலேயே குறைவாக உள்ள பச்சிளம் குழந்தைகளுக்கு அந்துருண்டை வைத்த துணியே ரத்த அணுக்கள் உடையக் காரணமாகிவிடும்.

காய வைப்பதுதான் எல்லாவற்றையும்விட அதிக நாள் பிடிக்கும் வேலை. எல்லாரும் அவசரப்படுவதும் இங்கேதான். பூச்சைக் கொத்தி எடுத்தபின் செங்கல் காய வாரக்கணக்கில் ஆகலாம். புதிதாகப் பூசினால் அதற்கும் தண்ணீர் விட்டு ஆற்ற வேண்டும், அந்த ஈரமும் வெளியேற வேண்டும். அதற்குள் பட்டி வைத்துப் பெயிண்ட் அடித்தால் ஈரத்தை உள்ளே வைத்துப் பூட்டியது போலத்தான். காற்றிலுள்ள ஈரத்தை இழுத்தெடுக்கும் டீஹியூமிடிஃபையரை வாடகைக்கு எடுத்து, கதவு ஜன்னலை அடைத்து ஓடவிடலாம். நவம்பர், டிசம்பரில் சென்னைக் காற்றின் ஈரப்பதமே 80 சதவீதத்தைச் சுற்றி இருக்கும். அப்போது ஜன்னலைத் திறந்து வைத்தால் காயாது. சில நூறு ரூபாய்க்கு ஈரப்பதம் காட்டும் மீட்டர் கிடைக்கிறது. அறைக்குள் 60 சதவீதத்துக்குக் கீழே நிற்க வேண்டும், 50க்குப் பக்கம் வந்தால் இன்னும் நல்லது.

இத்தனைக்கும் பிறகு திரைச்சீலை, சோபா, மரச்சாமான்களில் படிந்த வாடை கொஞ்சம் மிச்சம் இருக்கலாம். ஓசோனுக்கு ஏதாவது இடம் உண்டென்றால் அது இங்கேதான். ஓசோன் நுரையீரலைப் புண்ணாக்கும் வாயு. மனிதர் இருந்து மூச்சு விடக்கூடிய அளவில் அது வாடையைப் போக்குவதில்லை. வாடையைப் போக்கும் அளவில் வைத்தால் வீட்டில் ஆளோ, நாய் பூனையோ, மீன் தொட்டியோ, செடியோ எதுவும் இருக்கக் கூடாது. ரப்பரையும் மின்கம்பி உறையையும் அது கெடுக்கும். முடிந்தபின் நன்றாகக் காற்றாட விட்டுத்தான் உள்ளே போக வேண்டும். பக்கத்து அறையில் நீங்கள் உட்கார்ந்திருக்கலாம் என்று யாராவது சொன்னால் அவருக்கு அந்த மெஷினைப் பற்றித் தெரியவில்லை என்று அர்த்தம். ஓசோனால் சுவருக்குள் போக முடியாது, செத்த பூஞ்சையும் ஒவ்வாமையைக் கிளப்பும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

சுவரில் கறுப்பாக இருப்பதைப் பார்த்து, 2021ல் கொரோனா இரண்டாம் அலையில் கேள்விப்பட்ட கருப்புப் பூஞ்சை நோய் வந்துவிடுமோ என்று பலர் பயப்படுகிறார்கள். அந்த நோயை உண்டாக்கும் பூஞ்சை வேறு குடும்பம். சுவரின் கறுப்புத் திட்டு அதே பூஞ்சை என்று நினைக்க வேண்டாம். அதற்காக அலட்சியமும் கூடாது. ஈரமும் பூசணமும் உள்ள வீட்டில் இருமல், இளைப்பு, ஆஸ்துமா கூடுகிறது என்று உலக சுகாதார நிறுவனம் 2009ல் வெளியிட்ட வழிகாட்டலில் தெளிவாகச் சொல்லியிருக்கிறது.

பணம் கொடுக்கும் விஷயத்தில், முழுத் தொகையையும் முன்னால் கொடுத்துவிடாதீர்கள். வேலைக்கு முன்னும் பின்னும் ஈரமானி காட்டும் அளவை எழுதித் தரச் சொல்லுங்கள். முடிந்ததும் அறையை ஒரு நாள் முழுக்க அடைத்து வைத்துத் திறந்து, வெளியிலிருந்து வரும் ஒருவரை முகர்ந்து பார்க்கச் சொல்லுங்கள். உள்ளேயே இருப்பவர்களின் மூக்கு வாடைக்குப் பழகியிருக்கும்.

உங்கள் வீட்டைப் பொறுத்தவரை, இந்த வாரம் அலமாரியைக் காலி செய்துவிட்டுப் பாலிதீன் சோதனையைச் செய்யுங்கள். அப்புறம் கீழ் வீட்டுக்காரரிடம் அவர் பாத்ரூம் கூரையில் ஈரத்தடம் இருக்கிறதா என்று கேளுங்கள். இருந்தால் ஒழுகல் உங்கள் பாத்ரூம் தரையில்தான். பாத்ரூமைச் சில நாள் பயன்படுத்தாமல் விட்டு ஈரம் குறைகிறதா பாருங்கள். குறைந்தால் டைல்ஸ் இணைப்பு அல்லது கழிவுநீர்க் குழாய். குறையவே இல்லை என்றால் எப்போதும் தண்ணீர் நிற்கும் சப்ளை குழாய். பிளம்பரை வரவழைத்து, குழாயில் அழுத்தம் ஏற்றி ஒழுகுகிறதா என்று பார்க்கும் பிரஷர் டெஸ்ட் எடுக்கச் சொல்லுங்கள். உங்கள் வீட்டுக் கூரையிலும் ஈரம் தெரிந்தால் மேல் வீட்டுப் பாத்ரூமையும் பார்க்க வேண்டிவரும். அப்போது அசோசியேஷனில் போட்டோவோடு எழுதிக் கொடுத்துவிடுங்கள், வாய்ப்பேச்சில் இது நகராது. சோதனையில் என்ன தெரிந்தது என்று இங்கேயே கருத்தில் சொன்னால், அடுத்து யாரை வரவழைப்பது என்று பார்க்கலாம்.