“எங்களுக்குத் தெரியாது” என்று ஓர் அரசு சொல்லலாமா?

கேள்வி: 2001-க்குப் பின் அமெரிக்க உளவு நிறுவனமான சி.ஐ.ஏ. கைதிகளை ரகசியமாகக் கடத்தப் பயன்படுத்திய விமானங்கள் அயர்லாந்தின் ஷானன் விமான நிலையத்தில் இறங்கி எரிபொருள் நிரப்பின. அந்த அரசால் என்ன செய்திருக்க முடியும்?

பதில்: உள்ளே ஏறிப் பார்த்திருக்கலாம். 1944-ம் ஆண்டின் சிகாகோ உடன்படிக்கைப்படி, ராணுவம், சுங்கம், காவல் பணிகளில் உள்ள விமானம் ‘அரசு விமானம்’. சிறப்பு அனுமதி இல்லாமல் அது வேறு நாட்டில் இறங்கக் கூடாது (பிரிவு 3). தனியார் விமானம் எரிபொருளுக்காக இறங்க முன்அனுமதி தேவையில்லை (பிரிவு 5). சி.ஐ.ஏ. தனியார் நிறுவனப் பெயர்களில் பதிவான ஜெட்களை அமர்த்தியதால் இந்தச் சலுகை கிடைத்தது. ஆனால் தனியார் விமானம் என்றால், இறங்கும்போதும் கிளம்பும்போதும் அதைச் சோதனையிட அந்நாட்டு அதிகாரிகளுக்கு உரிமை உண்டு (பிரிவு 16). அரசு விமானம் என்றால் அனுமதி கேட்க வேண்டும். தனியார் என்றால் சோதனைக்கு உட்பட வேண்டும். இரண்டிலிருந்தும் ஒரே விமானம் தப்ப வழியே இல்லை, இறங்கிய நாடு கண்ணை மூடிக்கொண்டால் தவிர.

அயர்லாந்து, தன் மண் வழியாகக் கைதிகளைக் கொண்டுசெல்லவில்லை என்று அமெரிக்கா தந்த உறுதிமொழியை நம்பியது. அது போதாது, சோதனை வேண்டும் என்று அந்நாட்டு மனித உரிமை ஆணையமே 2007-ல் சொன்னது. பிரிட்டனும் அப்படித்தான் நம்பியது. 2002-ல் தலா ஒரு கைதியுடன் இரு விமானங்கள் இந்தியப் பெருங்கடலில் தன் வசமிருந்த டியேகோ கார்சியா தீவில் இறங்கியதை 2008-ல் நாடாளுமன்றத்தில் ஒப்புக்கொள்ள நேர்ந்தது.

கேள்வி: பறப்புத் திட்டத்தைப் பார்த்தே கண்டுபிடிக்க முடியாதா?

பதில்: முடியாது. அதில் விமானத்தின் பதிவு எண், பாதை, நேரம் இருக்கும்; பயணிகளின் பெயர் இருக்காது. அதிலும் பொய் எழுதலாம். போலந்தின் ஷிமானி விமான நிலையத்துக்கு வந்த விமானங்கள் சிலவற்றுக்கு வேறு நகரமே சேருமிடமாகக் காட்டப்பட்டிருந்தது. கவனிக்க வேண்டிய அடையாளம் ஒன்று உண்டு: பதிவு தனியார் பெயரில், ஆனால் திட்டத்தில் அரசு விமானத்துக்கான விலக்குக் குறியீடு. இந்த முரண் தென்பட்டால் அங்கேயே நிறுத்திக் கேட்க வேண்டும்.

கேள்வி: நீதிமன்றம் யாரையாவது பொறுப்பாக்கியதா?

பதில்: ஆம். மாசிடோனியத் தலைநகர் ஸ்கோப்யேவின் விமான நிலையத்தில் சி.ஐ.ஏ. குழு ஜெர்மன் குடிமகன் காலித் அல்-மஸ்ரியைச் சித்திரவதை செய்ததற்கு மாசிடோனியாவும் பொறுப்பு என்று ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் 2012-ல் தீர்ப்பளித்து, 60,000 யூரோ இழப்பீடு விதித்தது. அடித்தது வேற்று நாட்டவர். ஆனால் பிடித்துக் கொடுத்ததும், தன் மண்ணில் தடுக்காமல் நின்றதும் மாசிடோனிய அதிகாரிகள். தன் மண்ணில் சி.ஐ.ஏ.-யின் ரகசியச் சிறைக்கு இடம் தந்த போலந்துக்கு எதிராகவும் 2014-ல் தீர்ப்பு வந்தது. இரு நாடுகள் மீதான தீர்ப்புகளிலும் முறையாக விசாரிக்கத் தவறியதே தனி மீறலாகக் கொள்ளப்பட்டது. அதனால் தரையிறங்கும் கட்டண ரசீது, எரிபொருள் பில், விமானக் கட்டுப்பாட்டுக் கோபுரப் பதிவேடு எதையும் அழிக்க விடக் கூடாது. பல ஆண்டுகள் கழித்து விசாரணை தொடங்கும்போது கையில் மிஞ்சுவது அவைதான்.