வாசகர் கேள்வி-பதில்: ஆல்ட்டா, வின்னா?

கேள்வி: லினக்ஸில் ஜன்னல்களை அடுக்கி நிர்வகிக்கும் ஐ3 போட்டேன். முதல்முறை திறந்ததுமே குறுக்குவிசைகளுக்கு வின், ஆல்ட் இரண்டில் எது வேண்டும் என்று கேட்கிறது. எதைச் சொல்வது?

பதில்: யோசிக்காமல் வின். ஆல்ட் கட்டைவிரலுக்கு அருகில் இருப்பது வசதிதான். ஆனால் அந்த விசைக்கு ஏற்கெனவே சொந்தக்காரர்கள் அதிகம். டெர்மினலில் ஆல்ட்+எஃப் ஒரு சொல் முன்னே தாவும், ஆல்ட்+டி அடுத்த சொல்லை அழிக்கும். ஃபயர்ஃபாக்ஸில் ஆல்ட்+1 முதல் டேபுக்குப் போகும். ஈமேக்ஸ் எடிட்டரைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். ஐ3 தனக்கு உரிய சேர்க்கையைப் பிடித்துக்கொண்டால் செயலிக்கு அது போய்ச் சேராது. சொல்லை அழிக்க ஆல்ட்+டி அடிப்பீர்கள், செயலிகளைத் திறக்கும் டிமெனு வந்து நிற்கும். ஆல்ட்+எஃப் அடித்தால் ஜன்னல் முழுத்திரையாகிவிடும்.

ஆல்ட் என்று ஏற்கெனவே சொல்லிவிட்டிருந்தாலும் கவலையில்லை. கான்ஃபிக் கோப்பில் மாட்1 (ஆல்ட்) என்பதை மாட்4 (வின்) ஆக்கிச் சேமியுங்கள். பிறகு ஆல்ட்+ஷிஃப்ட்+சி அழுத்தி கான்ஃபிக்கை மீண்டும் ஏற்றுங்கள். புதிய விசை இன்னும் அமலுக்கு வராததால், இந்த ஒரு முறை பழைய விசையைத்தான் அழுத்த வேண்டும்.

கேள்வி: விம் எடிட்டர் பழக்கத்தில், ஜன்னலுக்கு ஜன்னல் ஃபோகஸ் தாவும் விசைகளை எச், ஜே, கே, எல் என்று மாற்றி எழுதினேன். திரையின் மேலே பிழைப் பட்டை வருகிறதே?

பதில்: ஐ3-இன் இயல்பு விசைகள் ஜே, கே, எல், அரைப்புள்ளி. காரணம், எச் எழுத்து கிடைமட்டப் பிரிப்புக்குப் போய்விட்டது. ஒரே விசைக்கு இரண்டு வேலை இருப்பதைத்தான் பட்டை சொல்கிறது. பிரிப்பை பி-க்கு மாற்றுங்கள். ஐ3-இல் அது காலியாக இருக்கிறது, ஐ3-ஐப் போலவே இயங்கும் ஸ்வேயும் அப்படித்தான் வைத்திருக்கிறது. ஃபோகஸுக்கு நான்கு வரி, ஷிஃப்ட்டோடு ஜன்னலை நகர்த்த நான்கு வரி, ஜன்னல் அளவை மாற்றும் ரீசைஸ் மோடில் நான்கு வரி. பலரும் மறப்பது கடைசி நான்கை. அங்கே பிழை காட்டாது, கைதான் தடுமாறும்.

கேள்வி: ஸ்வேயில் தமிழ்99 லேஅவுட்டுக்கு மாறினால் எழுத்துக் குறுக்குவிசைகள் வேலை செய்வதில்லை. என்டரும் எண்களும் மட்டும் இயங்குகின்றன.

பதில்: கான்ஃபிக்கில் குறுக்குவிசையை அமைக்கும் பைண்ட்சிம் கட்டளை பார்ப்பது விசையின் இடத்தை அல்ல, அதிலிருந்து பிறக்கும் எழுத்தை. தமிழில் இருக்கும்போது எச் பிறப்பதே இல்லை. எழுத்து வரும் வரிகளில் பைண்ட்சிம்முக்கு அடுத்து --டு-கோட் சேருங்கள். லேஅவுட் பட்டியலில் ஆங்கிலம் முதலில் இருக்க வேண்டும், ஏனென்றால் முதல் லேஅவுட்டை வைத்துத்தான் இடம் கணக்கிடப்படும்.

கேள்வி: ஐ3-இலிருந்து டிடபிள்யூஎம் என்ற இன்னொரு ஜன்னல் மேலாளருக்கு மாறுகிறேன். எதில் கவனம் தேவை?

பதில்: மாட்+ஷிஃப்ட்+க்யூ (மாட் என்பது குறுக்குவிசைகளுக்கான வின் அல்லது ஆல்ட்). ஐ3-இல் அது ஒரு ஜன்னலை மூடும். டிடபிள்யூஎம்மில் கேள்வி கேட்காமல் முழு அமர்வையும் முடித்துவிடும். அங்கே ஜன்னலை மூட மாட்+ஷிஃப்ட்+சி. பழைய கை மாறும்வரை, கான்ஃபிக்.எச் கோப்பில் வெளியேறும் வரியை நீக்கித் திரும்ப கம்பைல் செய்து வைத்துக்கொள்ளுங்கள்.