கொழுந்து வாட்டுவதில் கேட்க என்ன இருக்கிறது?

கேள்வி: அன்புள்ள அக்கா, எனக்கு வயது 23. உயர்தரம் எழுதினேன், பல்கலைக்கழகம் கிடைக்கவில்லை. பொகவந்தலாவைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து ஸ்டோரில், அதாவது தூள் செய்யும் ஆலையில், மேல் மாடியில் கொழுந்து வாட்டும் வேலை. சேர்ந்த மூன்று மாதத்தில் எல்லாம் பழகிவிட்டது. இப்போது தினமும் அதே கொழுந்து, அதே காற்றாடி. கொழும்பில் கடையில் வேலை செய்யும் நண்பன், "எதையும் அறிய ஆசைப்படுகிறவன்தான் முன்னுக்கு வருவான், உனக்கு அது இல்லை" என்கிறான். சரி என்று ஒருநாள், ஸ்டோரில் தூள் தயாரிப்பைப் பார்த்துக்கொள்ளும் டீமேக்கரிடம், "இதை ஏன் இப்படிச் செய்கிறோம்?" என்று கேட்டேன். "சொன்னதைச் செய்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அப்பாவும், "கேள்வி கேட்டு வேலையைக் கெடுத்துக்காத" என்கிறார். இந்த ஆசையெல்லாம் படித்தவர்களுக்கும் ஆபீஸ்காரர்களுக்கும்தானா? நானும் கொழும்புக்கே போய்விடட்டுமா?
– பெயர் வேண்டாம், பொகவந்தலாவை

பதில்: அன்புள்ள தம்பி, டீமேக்கரிடம் போய் நின்று கேட்டிருக்கிறீர்கள். ஒரு ஸ்டோரில் அது லேசான காரியம் இல்லை. ஆகவே உங்கள் நண்பர் சொன்னதை விட்டுவிடுங்கள்.

மூன்று மாதத்தில் நீங்கள் பழகியது கைவேலை. கொழுந்தை எவ்வளவு கனத்தில் பரப்புவது, காற்றாடியை எப்போது போடுவது, கீழே இலையை உருட்டும் ரோலருக்கு எப்போது இறக்குவது, இவ்வளவும் கைக்கு வந்துவிட்டது. ஏன் அப்படி என்பதை யாரும் உங்களுக்குச் சொல்லித் தரவில்லை. அலுப்பு அங்கேதான் பிறக்கிறது என்று நான் நினைக்கிறேன்.

ஜூலை மாதத்துக் கொழுந்தையும் பெப்ரவரி மாதத்துக் கொழுந்தையும் எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டும் ஒரே மலையில் பறித்ததுதான். ஆனால் ஜூலையில் உங்கள் பக்கம் தென்மேற்குப் பருவமழை. கொழுந்து நனைந்தே வரும், வாடுவதற்கு நேரம் பிடிக்கும். மழையை மேற்குச் சரிவில் கொட்டிவிட்டு அதே காற்று மலையைத் தாண்டிப் பண்டாரவளை, அப்புத்தளைப் பக்கம் இறங்கும்போது வறண்டு போகிறது. அந்தப் பக்கத்து ஊவாத் தேயிலையின் தனி வாசம் ஜூலை முதல் செப்டம்பர் வரை உச்சத்தில் இருப்பதற்கு அந்த வறட்டுக் காற்றுதான் காரணம். அங்கே நல்ல தூளுக்குப் பேர் வாங்கித் தரும் காற்று, உங்கள் மாடியில் வேலையை இழுத்தடிக்கிறது. உங்கள் பக்கத்துக்கு நல்ல பருவம் ஜனவரியிலிருந்து மார்ச் வரை, பகல் காய்ந்து இரவு குளிரும் அந்த நாட்கள். இதை யோசித்தபடி ஒரு மழைநாளில் வேலை செய்து பாருங்கள், அதே காற்றாடியாகத் தெரியாது.

மாடிச் சுவரில் இரண்டு வெப்பமானிகள் பக்கத்தில் பக்கத்தில் மாட்டியிருக்கிறதா? ஒன்றின் அடிக்குமிழில் ஈரத்துணி சுற்றியிருக்கும். துணியிலிருந்து தண்ணீர் ஆவியாகும்போது சூட்டையும் இழுத்துக்கொண்டு போவதால், அது குறைவாகக் காட்டும். இரண்டுக்கும் உள்ள இடைவெளி பெரிதாக இருந்தால் காற்று காய்ந்திருக்கிறது, இலையிலிருந்து தண்ணீரை வாங்கும். மழைநாளில் இரண்டும் கிட்டத்தட்ட ஒரே அளவில் நிற்கும். அப்போது வெறும் காற்றை எவ்வளவு ஊதினாலும் பெரிதாகப் பயனில்லை, அதனால்தான் சூடான காற்றைக் கலக்கிறார்கள். பச்சைக் கொழுந்தின் எடையில் முக்கால் பங்குக்கு மேல் தண்ணீர். 100 கிலோ கொழுந்து போனால் கடைசியில் கிடைக்கும் தூள் ஏறத்தாழ 21, 22 கிலோதான். தண்ணீரை வெளியேற்றும் வேலையில் முதல் பொறுப்பு உங்கள் மாடிக்கு. கொழுந்து சரியாக வாடாவிட்டால் ரோலரில் இலை முறுக்கேறாமல் உடையும், சாறு வீணாக வடியும். அதற்குப் பிறகு யார் என்ன செய்தாலும் சரிப்படுத்த முடியாது.

டீமேக்கர் விஷயத்துக்கு வருகிறேன். அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. "இதை ஏன் இப்படிச் செய்கிறோம்?" என்ற கேள்விக்கு நின்ற இடத்தில் பதில் சொல்ல முடியாது. கொழுந்து காத்துக்கிடக்கும் நேரத்தில் கேட்டால் எதிர்த்துப் பேசுவது போலவும் படும். அவர் ஒரு பிடி கொழுந்தை உள்ளங்கையில் வைத்து இறுக்குவதைப் பார்த்திருப்பீர்கள். கையைத் திறந்ததும் அது உருண்டையாகவே நின்றால், காம்பு ஒடியாமல் வளைந்தால், பதம் வந்துவிட்டது. நீங்களும் தினமும் அதைச் செய்யுங்கள். ஒரு சின்னக் கொப்பியில் நாள், மழையா வெயிலா, எத்தனை மணி நேரம், பிடித்துப் பார்த்தபோது எப்படி இருந்தது, இவ்வளவை மட்டும் எழுதுங்கள். ஒரு மாதம் போகட்டும். அப்புறம், வேலை ஓய்ந்த நேரமாகப் பார்த்து, "ஐயா, நேத்து மழைக் கொழுந்து ரெண்டு மணி நேரம் கூட எடுத்துச்சு, அப்பவும் காம்பு படக்குனு ஒடிஞ்சுச்சு. சூட்டுக் காத்த முன்னாடியே விட்டிருக்கலாமா?" என்று கேளுங்கள். இந்தக் கேள்வி அவருடைய தலைவலியும்தான். அதனால் பெரும்பாலும் பதில் வரும். வராவிட்டாலும் கொப்பியில் இருப்பது உங்களுடையது.

அப்பாவின் பயத்தைத் தயவுசெய்து லேசாக எடுக்க வேண்டாம். காலையில் ஆட்களை வேலைக்குப் பிரித்துவிடும் பிரட்டுக் களத்தில் வாயைத் திறந்தவனுக்கு அன்றைக்குப் பேர், அதாவது அந்த நாள் வேலையும் கூலியும், கிடைக்காமல் போன காலத்தைக் கேட்டு வளர்ந்தவர் அவர். 1948இல் வந்த குடியுரிமைச் சட்டத்தால் மலையகத் தமிழர்களான நம் ஆட்களில் பெரும்பாலானவர்கள் நாடற்றவர்களாக நின்றார்கள். கேட்காமல் இருந்தால் பிழைக்கலாம் என்று ஒரு சமூகமே கற்றுக்கொண்டது. அது அவர்கள் குற்றம் இல்லை.

அறியும் ஆசை படித்தவர்களுக்குத்தானா என்று கேட்டிருக்கிறீர்கள். 1867இல் கண்டிப் பக்கம் லூல்கந்துரத் தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலை போட்ட ஜேம்ஸ் டெய்லருக்கு முதலில் ஸ்டோர் ஏது? பங்களா விறாந்தையில் மேசை போட்டு, மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை வைத்துத் தேய்த்துத்தான் இலையை உருட்டினார்கள். டெய்லரின் பெயரை எல்லோரும் சொல்கிறோம். தேய்த்த கைகளைப் பற்றி யாரும் பேசுவதில்லை. எவ்வளவு அழுத்தினால் இலை கிழியும், எவ்வளவில் சாறு சரியாகக் கசியும் என்பது அந்தக் கைகளுக்குத் தெரிந்திருக்க வேண்டும். தெரியாமல் தூள் வந்திருக்காது.

இன்னொருவரையும் சொல்ல வேண்டும். வட்டகொடை மடக்கும்புரத் தோட்டத்தில் பிறந்த சி.வி. வேலுப்பிள்ளை, 1947இல் தலவாக்கலையிலிருந்து பாராளுமன்றத்துக்குப் போனவர். நம் ஆட்கள் மலையிலும் லய வீட்டு வரிசைகளிலும் பாடிய பாட்டுகளைக் கேட்டுக் கேட்டுச் சேகரித்தார். இதில் என்ன இருக்கிறது என்று அவரும் விட்டிருந்தால் எத்தனையோ பாட்டுகள் நமக்குக் கிடைக்காமலே போயிருக்கும். உங்கள் வீட்டில் அப்பாயி இருந்தால் ஒரு ஞாயிற்றுக்கிழமை பக்கத்தில் உட்கார்ந்து, முதன்முதலில் எந்த மலையில் கொழுந்தெடுக்கப் போனார் என்று கேட்டுப் பாருங்கள்.

கொழும்புக்குப் போவது தப்பில்லை. சம்பளம் போதவில்லை என்றால், வீட்டுக் கஷ்டம் என்றால் தாராளமாகப் போங்கள், அதற்கு வேறு காரணம் தேட வேண்டாம். இங்கே அலுத்துவிட்டது என்பதற்காக மட்டும் போகாதீர்கள். கடையிலும் மூன்று மாதத்தில் எல்லாம் பழகிவிடும்.

போனாலும் இருந்தாலும் இந்த மாதமே ஒன்றை விசாரியுங்கள். உங்கள் சம்பளச் சீட்டை எடுத்து ஒவ்வொரு வரியாக வாசியுங்கள். ஊழியர் சேமலாப நிதிக்கு உங்கள் பங்கு 8 சதவீதம், தோட்டம் போட வேண்டியது குறைந்தது 12 சதவீதம். ஊழியர் நம்பிக்கை நிதியத்துக்கான 3 சதவீதத்தைத் தோட்டம் தன் கையிலிருந்து கட்ட வேண்டும், அதை உங்கள் சம்பளத்தில் பிடிக்கக் கூடாது. பிடித்த பணம் உங்கள் அங்கத்துவ இலக்கத்தில் ஏறியிருக்கிறதா என்று ஸ்டோர் கிளாக்கரிடம் பணிவாகக் கேளுங்கள். பதில் தெளிவாக இல்லை என்றால் சீட்டையும் அடையாள அட்டையையும் எடுத்துக்கொண்டு பக்கத்துத் தொழில் அலுவலகத்துக்குப் போங்கள். முடிந்தால் அப்பாவையும் கூட்டிக்கொண்டு போங்கள், அவருடைய கணக்கையும் சேர்த்தே பார்த்துவிடலாம்.