அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் உள்ள டுலூத் போகிறோம். க்ளென்ஷீன் மாளிகைக்கு எவ்வளவு நேரம் ஒதுக்கலாம்? எந்த டிக்கெட் வாங்குவது?

அரை நாள் ஒதுக்குங்கள். டிக்கெட் எடுக்கும்போது ஒன்றைக் கவனியுங்கள்: தோட்டத்தையும் ஏரிக்கரையையும் மட்டும் பார்ப்பதற்கு ஒரு டிக்கெட், வீட்டுக்குள் போவதற்கு வேறு. அவசரத்தில் முதலாவதை வாங்கினால் மாளிகையை வெளியிலிருந்துதான் பார்க்க முடியும். கோடை வார இறுதிகளிலும், இலைகள் நிறம் மாறும் செப்டம்பர் கடைசியிலும் கூட்டம் அதிகம். ஆன்லைனில் முன்பதிவு செய்துவிடுவது நல்லது.

வீட்டு டூரிலும் வகைகள் உண்டு. மேல் தளம், பரண் வரை போகும் முழு டூரையே எடுங்கள் என்பேன். படிகள் நிறைய, முழங்கால் வலி உள்ளவர்கள் கூட வந்தால் முன்பதிவின்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.

இது இரும்புத் தாதுப் பணத்தில் எழுந்த வீடு. 1890-ல் மெரிட் சகோதரர்கள் இதே மாநிலத்தின் மெசாபி மலைத்தொடரில் தாது கண்டுபிடித்தார்கள். அங்கே தாது தரைமட்டத்துக்கு அருகிலேயே, மென்மையாகக் கிடந்தது. சுரங்கம் குடையாமல் நீராவி மண்வாரியால் அள்ளி ரயிலில் ஏற்றலாம். தொழிலதிபர் ஹென்றி ஆலிவரின் சுரங்க நிறுவனத்துக்கு வழக்கறிஞராக இருந்தவர் செஸ்டர் காங்டன். சட்ட வேலையோடு நிற்காமல் அந்த மலைத்தொடரின் மேற்குப் பகுதியிலும் அரிசோனா தாமிரத்திலும் பணம் போட்டார். 1905-ல் தொடங்கி 1908-ல் முடிந்த இந்த 39 அறை மாளிகை அதன் பலன். கட்டடக் கலைஞர் கிளாரன்ஸ் ஜான்ஸ்டன்.

உள்ளே அவசரப்படக் கூடாத இடங்கள் இரண்டு. இரண்டுமே உள்அலங்காரக் கலைஞர் ஜான் பிராட்ஸ்ட்ரீட்டின் கைவண்ணம். காலை உணவு அறையில் ருக்வுட் என்ற மட்பாண்ட நிறுவனத்தின் பச்சை ஓடுகள், ஒரு சிறு நீரூற்று. புகைபிடிக்கும் அறையில் சுவர்ப் பலகைகளைப் பக்கவாட்டிலிருந்து பாருங்கள்: மரத்தின் மென்மையான பகுதியை நீக்கி, ரேகைகள் மட்டும் புடைத்து நிற்கும்படி செய்யும் ஜப்பானிய முறை அது. நேர் எதிரே நின்றால் அந்தப் புடைப்பு தெரியாது. பெரும்பாலான அறைகலன்கள் காங்டன் குடும்பத்தினுடையவையே. பல மாளிகை அருங்காட்சியகங்களில் பிற்பாடு தேடி வாங்கி வைத்தவைதான் இருக்கும். அதனால் எதையும் தொடாதீர்கள்.

1977-ல் இங்கே நடந்த இரட்டைக் கொலையைப் பற்றித் தெரிந்துகொள்ளவென்றே சிலர் வருகிறார்கள். டூரின் மையம் அதுவல்ல. வீடும் அதில் வாழ்ந்தவர்களும்தான். அப்படி இருப்பதே சரி.

டூர் முடிந்ததும் ஏரிக்கரைக்கு இறங்குங்கள். ஜூன், ஜூலையிலும் ஜாக்கெட் வேண்டும். சுப்பீரியர் ஏரிக் காற்று, ஊருக்குள் வெயில் அடிக்கும்போதும் கரையில் குளிரவைக்கும். நேரம் வாய்த்தால் 300 மீட்டர் நீளத் தாதுக் கப்பல்கள் கடந்து போவதைக் காணலாம்.

வழி எளிது: மினியாபோலிஸிலிருந்து ஐ-35 நெடுஞ்சாலையில் சுமார் 250 கி.மீ. சாலை முடியும் இடத்திலிருந்து லண்டன் ரோட்டில் சில நிமிடம். மறுநாளும் கையில் இருந்தால் ஹிப்பிங்கில் உள்ள ஹல் ரஸ்ட் திறந்தவெளிச் சுரங்கத்தின் பார்வை மேடைக்குப் போய் வாருங்கள். இந்த மாளிகைக்கான செல்வம் எத்தகைய பள்ளங்களிலிருந்து வந்தது என்பது அங்கேதான் புரியும்.