மூக்கால் பேசும் பஸூன் – கடிதம்

அன்புள்ள எழுத்தாளருக்கு,

நீங்கள் சொன்னதன் பேரில், பியானோ கலைஞர் சாம்சன் ஃபிரான்சுவா வாசித்த, பிரெஞ்சு இசையமைப்பாளர் ரவேலின் பதிவைத் தேடிப்பிடித்துக் கேட்டேன். ஆந்த்ரே கிளூய்தான்ஸ் இசைக்குழுவை நடத்திய, 1959ல் பதிவான அந்த இரண்டு பியானோ கான்செர்ட்டோக்கள், அதாவது பியானோவும் இசைக்குழுவும் சேர்ந்து வாசிக்கும் படைப்புகள். ஏமாற்றம்தான். பஸூன் என்ற அந்த நீண்ட மரக்குழல் மூக்கால் பேசுகிறது, ஹார்ன் என்ற பித்தளை ஊதுகருவி நடுங்குகிறது, பியானோ தன்போக்கில் போகிறது. துல்லியமான புதிய பதிவுகள் எத்தனையோ இருக்க, ஏன் இது?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் காது சரியாகத்தான் கேட்டிருக்கிறது. அந்த மூக்கொலிக்காகத்தான் நான் அந்தப் பதிவுக்குத் திரும்பத் திரும்பப் போகிறேன். இன்று பெரும்பாலும் எங்கும் இருப்பது ஜெர்மன் பஸூன். இந்தப் பதிவில் வாசித்த பாரிஸ் கன்செர்வத்வார் இசைக்குழுவில் அன்று ஒலித்தது பிரெஞ்சு பஸூன். துளையும் சாவிகளும் வேறு, குரலும் வேறு. ரவேலின் காதில் இருந்தது அந்தக் குரல். 1967ல் அந்தக் குழுவே கலைக்கப்பட்டது.

இரண்டில் ஒன்றான ஜி மேஜர் கான்செர்ட்டோவின் இரண்டாம் பகுதியை இன்னொருமுறை, இரவில் கேளுங்கள். இசைக்குழு சும்மா இருக்க, தொடக்கத்தில் வெகுநேரம் பியானோ மட்டும்தான். இடதுகை, வால்ட்ஸ் என்ற மூன்றடி நடனத்தைப் போல ஒரே அசைவை விடாமல் ஆட்டுகிறது. வலதுகையின் மெட்டு அதோடு ஒட்டாமல் மேலே மிதக்கிறது. நீங்கள் சொல்லும் தன்போக்கு ரவேல் எழுதியதிலேயே இருக்கிறது. தானாக வழிந்துவருவதுபோல் கேட்கும் அந்த மெட்டை அவர் மோசார்ட்டின் கிளாரினெட் குவின்டெட் என்ற ஐவர் இசைப்படைப்பைத் துணைக்கு வைத்துக்கொண்டு, இரண்டிரண்டு தாளக்கட்டமாகத் திணறி எழுதினார். 1932ல் அந்தக் கான்செர்ட்டோவை அரங்கேற்றிய பியானோ கலைஞர் மார்கரீத் லாங்கிடம் அவரே சொன்னது. அந்த லாங்கிடம் படித்தவர் ஃபிரான்சுவா.

அடுத்து, இடதுகை கான்செர்ட்டோ. முதல் உலகப்போரில் வலதுகையை இழந்த பியானோ கலைஞர் பால் விட்கன்ஸ்டைனுக்காக, இடதுகையால் மட்டும் வாசிக்க எழுதப்பட்டது. ஒரே கை அடியில் ஒரு சுரத்தைத் தட்டி, பெடலில் அதை நிறுத்திவிட்டு, மேலே தாவிக் கட்டைவிரலால் மெட்டைப் பிடிக்கவேண்டும். ஒரு கைதான் என்று கேட்பவருக்குத் தெரியக்கூடாது என்பதே ரவேலின் விருப்பம், உண்மைதான். ஆனால் ஃபிரான்சுவா வாசிக்கையில் அந்தத் தாவல் எனக்குக் கேட்கிறது. கை போய்ச்சேரும் அந்த ஒரு கணத்தில் நானும் மூச்சைப் பிடித்துக்கொள்கிறேன். பழுதில்லாத பல பதிவுகளில் எனக்கு இது நேர்ந்ததில்லை.

முடிவுக்குச் சற்றுமுன் வரும் நீண்ட தனிவாசிப்பை மட்டும் ஹெட்ஃபோனில் கேட்டுவிட்டு மறுபடி எழுதுங்கள்.