நிலக்கரியையும் பெட்ரோலையும் காலம் கடப்பதற்குள் நம்மால் விட்டுவிட முடியுமா?

பூமியின் சராசரி வெப்பம் 1.5 டிகிரிக்கு மேல் ஏறுவதற்குள் என்பதுதான் நீங்கள் சொல்லும் காலக்கெடு என்றால், அது கைநழுவிவிட்டது என்றே நினைக்கிறேன். தொழிற்புரட்சிக்கு முந்தைய நிலையைவிட 1.5 டிகிரிக்கும் மேலான சராசரியோடு முடிந்த முதல் ஆண்டு 2024. உலகம் விடும் கரியமில வாயுவும் இன்னும் இறங்குமுகம் காணவில்லை. அதற்காக எல்லாம் முடிந்துவிட்டது என்று கைகட்டி உட்காருவதை ஏற்க மாட்டேன். 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியதே, அந்த வாரம் தூத்துக்குடி மாவட்டம் பட்ட பாட்டைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். காற்று சூடாக ஆக, அது பிடித்துவைத்துக் கொட்டும் தண்ணீரும் கூடும். வெப்ப உயர்வு 1.8இல் நிற்குமா 2.3இல் நிற்குமா என்ற அந்த அரை டிகிரிக்காகப் பாடுபடலாம், பாடுபடத்தான் வேண்டும்.

நான் ஆரல்வாய்மொழிப் பக்கம் காற்றாலைப் பராமரிப்பு வேலையில் இருப்பவன். இரும்பு, சிமென்ட், உரம், விமானம் இதெல்லாம் மாற நாளாகும், அவற்றைப் பற்றிப் பேச எனக்குத் தகுதி போதாது. மின்சாரத்தைப் பற்றிச் சொல்கிறேன். அதில் முடியும்.

பிரிட்டனைப் பாருங்கள். உலகின் முதல் நிலக்கரி மின் நிலையம் 1882இல் லண்டனில் ஓடத் தொடங்கியது. 2012இல்கூட அவர்களுடைய மின்சாரத்தில் ஐந்தில் இரண்டு பங்கு நிலக்கரியிலிருந்து வந்தது. 2024 செப்டம்பர் 30 அன்று கடைசி நிலையத்தையும் மூடிவிட்டார்கள். அந்த இடத்தில் ஒரு பகுதியை எரிவாயு நிரப்பியது என்பதையும் சொல்ல வேண்டும், அதுவும் புதைபடிவ எரிபொருள்தான். தவிர, அவர்களுடைய மின் தேவை குறைந்துகொண்டே வந்தது. நமக்கு ஏறிக்கொண்டே போகிறது. தமிழ்நாட்டின் உச்சத் தேவை 2024 மே 2 அன்று 20,830 மெகாவாட்டைத் தொட்டது.

நம்மிடம் காற்றும் வெயிலும் குறைவில்லை. காற்றாலை மட்டுமே 10,000 மெகாவாட்டுக்கு மேல் நிற்கிறது. சிக்கல் சாயங்காலம் ஆறு மணிக்கு ஆரம்பிக்கிறது. நடுப்பகலில் சோலார் கொட்டும். அனல் மின் நிலையத்தை அந்த நேரத்துக்கு மட்டும் அணைத்துவிட்டு மறுபடி மூட்ட முடியாது. கொதிகலன் ஆறினால் திரும்பச் சூடேற்றிக் கொண்டுவர மணிக்கணக்கில் ஆகும். அதனால் அதைக் குறைந்த லோடில் ஓடவிட்டு, சோலாரையும் காற்றையும் குறைக்கச் சொல்வார்கள். இதற்கு எங்கள் ஊரில் 'பேக் டவுன்' என்று பெயர். ஆடி மாதம் காற்று கணவாயில் ஆளைத் தள்ளும்போது, நல்ல நிலையில் இருக்கும் மெஷினை நிறுத்திவைத்துவிட்டுக் கீழே நிற்பது வயிற்றெரிச்சலான காரியம். அன்றைக்கே பொழுது சாய்ந்ததும் வீடுகளில் ஏசி, விளக்கு, கிரைண்டர் எல்லாம் ஓடும், சோலார் பூஜ்யம். அப்போது நிலக்கரி இல்லாமல் ஆகாது.

ஆக, பகல் கரண்டை இரவுக்குக் கொண்டுபோக வேண்டும். ஆனைமலையில் கடம்பாறை நிலையம் இதை 1980களின் இறுதியிலிருந்தே செய்துவருகிறது. மலைக்குள் குடைந்து வைத்த 400 மெகாவாட் நிலையம் அது. மிச்சக் கரண்டில் கீழ் அணைத் தண்ணீரை மேலே ஏற்றி, தேவைப்படும்போது இறக்கி ஓட்டுவார்கள். அதைப் போல நீலகிரியில் குந்தாவில் 500 மெகாவாட் திட்டம் எத்தனையோ வருடமாக இழுத்துக்கொண்டே இருக்கிறது. பேட்டரி விலையோ பத்தாண்டில் ஐந்தில் ஒன்றுக்கும் கீழே வந்துவிட்டது. இன்றைக்கு ஒரு புது அனல் நிலையம் கட்டினால் அது 2050 தாண்டியும் புகைவிடும். அந்தப் பணத்தை இப்படி மின்சாரத்தைச் சேமித்துவைக்கும் வசதிகளில் போட வேண்டும் என்பதுதான் என் கருத்து.

காற்றாலையிலும் ஒரு வேலை பாக்கி. எங்கள் பக்கத்து முப்பந்தலில் காற்று அதிகம் வீசும் இடங்களையெல்லாம் 1990களில் நட்ட 250 கிலோவாட் குட்டி மெஷின்கள் பிடித்துவைத்திருக்கின்றன. முப்பது மீட்டர் உயரம், பலவற்றில் கியர் பாக்ஸ் முனகும், உதிரி பாகம் கிடைக்காது. புதிய மெஷின் ஒன்றே 3 மெகாவாட் தரும், பழையதில் பன்னிரண்டுக்குச் சமம். மாற்றலாமே என்பீர்கள். பக்கத்துப் பக்கத்து மெஷினுக்கு வேறு வேறு முதலாளி, நிலம் துண்டு துண்டாகக் கிடக்கிறது, லைனும் சப்ஸ்டேஷனும் பழைய லோடுக்குப் போட்டவை. அரசு கொள்கை அறிவித்துவிட்டது, ஆனால் நாலு முதலாளிகளை உட்காரவைத்துப் பேசி முடிப்பது தொழில்நுட்பத்தைவிடக் கடினம்.

நெய்வேலியை விட்டுவிட்டும் பேச முடியாது. 1956இல் பழுப்பு நிலக்கரி நிறுவனம் தொடங்கியதிலிருந்து அங்கே நிலம் கொடுத்த கிராமங்கள் ஒரு பக்கம், சுரங்கத்தையே நம்பியிருக்கும் ஒப்பந்தத் தொழிலாளர்கள் இன்னொரு பக்கம். 2023 ஜூலையில் சுரங்க விரிவாக்கத்துக்காக, வளையமாதேவியில் பச்சைப் பயிர் நின்ற வயலுக்குள் பொக்லைன் இறங்கியதைப் பார்த்தோம். சுரங்கத்தை மூடும் நாளிலும் இதே ஜனங்கள்தான் முதலில் அடிபடுவார்கள். அவர்களுக்கு என்ன வேலை, எந்த ஊதியத்தில் என்று இப்போதே எழுதிவைக்காமல் "மாற்றம்" என்று பேசுவது அநியாயம்.

உடனே செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. தமிழ்நாட்டில் இலவச மின்சார பம்ப் செட்டுகள் 20 லட்சத்துக்கு மேல். ராத்திரியில் மும்முனை கரண்டு வரும் ஊர்களில் விவசாயி டார்ச்சோடு வரப்பில் நடந்து, பாம்புக்குப் பயந்துகொண்டே மோட்டார் போடப் போகிறார். அந்தக் கரண்டைக் காலை ஒன்பதிலிருந்து மாலை நாலு வரை, சோலார் கொட்டும் நேரத்தில் கொடுத்துவிட்டால் அவருக்கும் நல்லது, நிலக்கரியும் மிச்சம். இதற்குப் புது அணையோ பேட்டரியோ தேவையில்லை, பம்ப் செட்டுக்கும் வீடுகளுக்கும் போகும் மின் பாதைகளை, அதாவது ஃபீடர்களை, தனித்தனியாகப் பிரித்துப் போட்டால் போதும். தேர்தலில் ஓட்டுக் கேட்டு வருகிறவர்களிடம் நான் இதைத்தான் கேட்கிறேன்.