சாளை என்றால் இளக்காரமா? வாசகர் கேள்விகளும் பதில்களும்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் மீனைப் பற்றியவை. ஒரே மாதிரி வந்தவற்றைச் சேர்த்து ஒரு பதிலாக எழுதியிருக்கிறேன். வயது, நோய், சாப்பிடும் மாத்திரை எதையும் குறிப்பிடாமல் "எந்த மீன் நல்லது, உடனே சொல்லவும்" என்று ஒற்றை வரியில் கேட்டவர்களுக்கு ஒரு வார்த்தை: இப்படிக் கேட்டால் என்னால் சொல்ல முடியாது. சிறுநீரகக் கோளாறு இருப்பவருக்கும் பத்து வயதுப் பிள்ளைக்கும் ஒரே பதிலா? முழுசாக எழுதுங்கள், அடுத்த முறை சொல்கிறேன்.

கேள்வி: வஞ்சிரம் விற்கிற விலைக்கு வாரம் ஒரு தடவைகூட வாங்க முடியவில்லை. சாளை (மத்தி) வாங்கினால் பிள்ளைகளுக்குச் சத்து குறையும் என்கிறார் மாமியார். உண்மையா? (கீழக்கரை)

பதில்: குறையாது. சொல்லப்போனால் சாளையில்தான் கூடுதல். இருதயத்துக்கு நல்லது என்று மருந்துக் கடையில் மாத்திரையாக விற்கிறார்களே ஒமேகா-3, அது சாளையின் கொழுப்பிலேயே இருக்கிறது. சின்ன சாளையைப் புளி ஊற்றி மண்சட்டியில் மெதுவாக வேகவிட்டால் முள் மெத்தென்று ஆகிவிடும், அப்படியே மென்று தின்னலாம். முள்ளோடு தின்றால் ஒரு டம்ளர் பாலுக்குக் குறையாத சுண்ணாம்புச்சத்து சேரும். வஞ்சிரத் துண்டில் முள்ளை எறிந்துவிடுகிறோம், சத்தும் அதோடு போகிறது. ஒரே ஒரு எச்சரிக்கை: எண்ணெயில் முறுக முறுகப் பொரித்துவிட்டு "மீன் சாப்பிட்டேன்" என்று சொல்லாதீர்கள். குழம்பு, அவியல், புட்டு, இவைதான் மீனுக்கு அழகு.

கேள்வி: ஐந்தாவது மாதம் நடக்கிறது. மீனில் பாதரசம் இருக்கிறதாம், தொடவே கூடாது என்று தோழி பயமுறுத்துகிறாள். (பரமக்குடி)

பதில்: தோழி பாதிதான் சொல்லியிருக்கிறாள். சின்ன மீனைப் பெரிய மீன் தின்கிறது, அதை அதைவிடப் பெரிய மீன் தின்கிறது. ஒவ்வொரு படியிலும் பாதரசம் சேர்ந்துகொண்டே போகும். அதனால் சுறா, பெரிய சூரை, ஆள் உயரத்துக்குக் கிடக்கும் வஞ்சிரம் இவற்றைப் பிள்ளை பெறும்வரை விடுங்கள். நெத்திலி, சாளை, காரல், சூடை, சங்கரா வாரம் இரண்டு மூன்று தடவை தாராளமாகச் சாப்பிடலாம். வயிற்றுப் பிள்ளையின் மூளைக்கு மீன்கொழுப்பு வேண்டும். மீனையே விட்டுவிடுவதுதான் தப்பு.

கேள்வி: மருமகளுக்குப் பிரசவமாகி இருபது நாள். பால்சுறாப் புட்டு கொடுத்தால்தான் பால் ஊறும் என்கிறார்கள். இப்போது சுறா கிடைப்பதே இல்லை. என்ன செய்வது? (தொண்டி)

பதில்: பால் ஊறுவது பிள்ளை அடிக்கடி சப்புவதாலும், தாய் வயிறாரச் சாப்பிட்டுத் தண்ணீர் குடித்துத் தூங்குவதாலும்தான். அதற்குச் சுறாதான் வேண்டும் என்றில்லை. என்னைப் பெற்ற பிறகு என் அம்மா சாப்பிட்டது காரல் சாறு. பூண்டும் மிளகும் தட்டிப்போட்டு, காரலை முழுசாக வேகவைத்து வடிகட்டிய தண்ணீர். காசுக்குப் பெரிய செலவில்லை.

சுறா ஏன் கிடைப்பதில்லை என்பதையும் யோசியுங்கள். சாளையைப் போல ஆயிரக்கணக்கில் முட்டை போடுகிற மீன் இல்லை அது. மெதுவாக வளர்ந்து, ஒரு ஈட்டுக்குச் சில குட்டிகள் மட்டுமே போடும். பிடித்த வேகத்துக்குப் பெருகவில்லை. சுறாவிலும் திருக்கையிலும் பல வகைகள் இன்றைக்கு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் பட்டியலில் இருக்கின்றன.

கேள்வி: சர்க்கரை நோய் இருக்கிறது. சீனிக்குப் பதில் சாயல்குடி கருப்பட்டி போட்டுக் காப்பி குடிக்கலாம்தானே?

பதில்: கருப்பட்டியும் சர்க்கரைதான். இரும்புச்சத்து கொஞ்சம் இருக்கிறது என்பதற்காக ரத்தத்தில் ஏறாமல் இருக்காது.

கேள்வி: ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை எடுக்கிறேன். கருவாடு இல்லாமல் பழைய சோறு இறங்கவில்லை. (மண்டபம்)

பதில்: ஒரு நாளைக்கு உப்பு 5 கிராம், அதாவது ஒரு தேக்கரண்டி போதும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். நம் ஊர்க்காரர்கள் அதைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு தின்கிறோம். ஒரு துண்டு கருவாடு அன்றைய கணக்கில் பெரும்பங்கை விழுங்கிவிடும். விடவே முடியாது என்றால் வெந்நீரில் அரை மணி நேரம் ஊறப்போட்டு, அந்த நீரைக் கொட்டிவிட்டு, இன்னொரு தடவை அலசி, குழம்பில் வேறு உப்புப் போடாமல் சமையுங்கள். அதுவும் மாதம் ஒன்றிரண்டு தடவை. மற்ற நாளில் பழைய சோற்றுக்குச் சின்ன வெங்காயமும் பச்சை மிளகாயும்.

கேள்வி: மீன்பிடித் தடைக்காலத்தில் மீன் கிடைப்பதில்லை. அந்த இரண்டு மாதமும் பிராய்லர் கோழிக்கு மாறிவிடுகிறோம். கடலுக்கும் ஓய்வு, எங்களுக்கும் புரதம். இது சரியான வழிதானே? (ராமநாதபுரம்)

பதில்: இரண்டு தப்பு. ஒவ்வொன்றாக வருகிறேன்.

தடை என்பது ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள், விசைப்படகுகளுக்கு. நாட்டுப்படகும் வத்தையும் வள்ளமும் அப்போதும் கடலுக்குப் போகின்றன, கரைவலை இழுக்கிறார்கள். பாம்பனில் ஒரு மே மாதக் காலையில் போய் நின்று பாருங்கள். நெத்திலியும் சூடையும் காரலும் கணவாயும் கூடை கூடையாக இறங்கும். உங்களுக்கு "மீன் கிடைக்கவில்லை" என்றால் வஞ்சிரமும் பாறையும் கிடைக்கவில்லை என்று பொருள். மற்றதெல்லாம் உங்கள் கண்ணுக்கு மீனாகவே தெரியவில்லை. முப்பது வருஷமாக இதைச் சொல்லிக்கொண்டிருக்கிறேன், இன்னமும் வருத்தம்தான்.

இரண்டாவது, கோழி கடலைத் தொடுவதில்லை என்று நினைக்கிறீர்கள். சங்காயம் என்ற சொல் கடற்கரையில் எல்லோருக்கும் தெரியும். இழுவை மடியை, அதாவது விசைப்படகு கடலடியில் இழுத்துவரும் வலையை, அவிழ்த்துக் கொட்டினால் விலைபோகிற இறாலையும் மீனையும் கையால் பொறுக்கிக்கொண்டு, மீதியை மண்வெட்டியால் ஒதுக்குவார்களே, அந்தக் குவியல். போன பருவத்தில் ஒரு இறங்குதளத்தில் அப்படி ஒரு குவியல் முன்னால் உட்கார்ந்து கையால் கிளறினேன். விரல் நீள வஞ்சிரக் குஞ்சு நான்கைந்து. கட்டைவிரல் நகத்தளவு கணவாய். ஓடு இன்னும் இறுகாத நண்டு. மற்றதெல்லாம் காரல். காலையில் வெள்ளித் தகடாக மின்னியிருக்கும், பத்து மணி வெயிலில் சாம்பல் நிறமாகி வயிறு வெடித்துக் கிடந்தது. பக்கத்தில் லாரி நின்றது. ஏலம் இல்லை, ஐஸ் இல்லை, மொத்தமாக அள்ளிப் போட்டார்கள். மனிதர் தின்னக்கூடிய மீனை அழுகவிட்டு அள்ளினார்கள்.

அந்த லாரி போவது மீன்தூள் ஆலைக்கு. சுமார் நாலைந்து கிலோ பச்சை மீன் காய்ந்து அரைபட்டால் ஒரு கிலோ மீன்தூள். அது இறால் தீவனத்தில் நிறையவும் கோழித் தீவனத்தில் கொஞ்சமும் சேர்கிறது. நேராகத் தின்றிருந்தால் நாலு குடும்பத்துக்குக் குழம்பாகியிருக்கும் காரலை அரைத்து இறாலுக்கும் கோழிக்கும் போட்டு, பிறகு அந்த இறாலையும் கோழியையும் அதிக விலைக்கு வாங்கித் தின்கிறோம்.

வஞ்சிரம் ஏறக்குறைய முக்கால் மீட்டர் வளர்ந்த பிறகுதான் முட்டையிடத் தொடங்கும். விரல் நீளத்தில் அதை அள்ளிச் சங்காயத்தில் போட்டுவிட்டு, "வஞ்சிரம் குறைந்துவிட்டது, விலை ஏறிவிட்டது" என்று கடைக்காரரிடம் சண்டை போடுவதில் என்ன நியாயம்? இழுவை மடி தரையைச் சுரண்டிக்கொண்டு போகும்போது பாக் நீரிணையின் கடல்புல்லும் சேர்ந்து பிய்கிறது. ஆவுளியாவுக்கு, அதாவது கடல்பசுவுக்கு, அதுதான் மேய்ச்சல், மீன்குஞ்சுகளுக்குத் தொட்டில். ஒரு கிலோ மீனுக்கு இழுவைப் படகு எரிக்கும் டீசல், செவுள்வலை போடும் நாட்டுப்படகு எரிப்பதைவிடப் பொதுவாக அதிகம்.

மீனவரைக் குற்றம் சொல்ல நான் இதை எழுதவில்லை. காரலுக்கு ஏலத்தில் விலை கிடைத்தால் யார் அதை வெயிலில் போடப் போகிறார்? விலை கேட்க ஆளில்லை, அதனால் ஐஸ் போடுவதில்லை. ஐஸ் போடாததால் தின்ன ஆகாது. தின்ன ஆகாததால் லாரி. இந்த வளையத்தை அறுப்பது உங்கள் கையில், உங்கள் பையில்தான் இருக்கிறது. தடைக்காலத்தில் நாட்டுப்படகு மீன் என்று கேட்டு வாங்குங்கள். "காரலில் முள்" என்று முகம் சுளிக்கிறீர்களா? தலையைக் கிள்ளி, குடலை எடுத்து, மஞ்சள் உப்புத் தண்ணீரில் முழுசாக வேகவையுங்கள். நடுமுள் இழுத்தால் அப்படியே வந்துவிடும். உதிர்ந்த சதையை முண்டு மிளகாய், தேங்காய், சின்ன வெங்காயத்தோடு வதக்கினால் பிள்ளைகள் கேட்டு வாங்கித் தின்பார்கள்.

அப்புறம் கோழி தின்னவே கூடாதா என்றால், தின்னலாம். ஆட்டைவிடக் கோழி சுற்றுச்சூழலுக்கு எவ்வளவோ மேல். அசைபோடும் பிராணிகள் விடுகிற, பூமியைச் சூடேற்றும் மீத்தேன் வாயு கோழியிடம் கிடையாது. கடலுக்கு ஓய்வு கொடுக்கிறேன் என்று மட்டும் சொல்லாதீர்கள்.

கேள்வி: எங்கள் ஊருக்கு மத்தியானம்தான் பைக்கில் மீன் வரும். சூரை மீன் தின்று இரண்டு பேருக்கு உடம்பெல்லாம் தடித்து, முகம் சிவந்துவிட்டது. நன்றாகத்தான் கொதிக்க வைத்தோம். (முதுகுளத்தூர்)

பதில்: கொதிக்க வைத்தும் பயனில்லை. சூரை, அயிலை, சாளை போன்ற மீன்கள் ஐஸ் இல்லாமல் வெயிலில் கிடந்தால் ஹிஸ்டமின் என்ற, உடம்பைத் தடிக்கவைக்கும் பொருள் உண்டாகும். சூட்டுக்கு அது அழியாது. நாக்கில் மிளகு போலச் சுரீரென்று காரம் தட்டினால் அதோடு நிறுத்திவிட வேண்டும். மூச்சுத் திணறினால் உடனே ஆஸ்பத்திரி. செவுளைத் தூக்கிப் பாருங்கள், ரத்தச் சிவப்பாக இருக்க வேண்டும். கண் துருத்தி நிற்க வேண்டும். விரலால் அமுக்கினால் பள்ளம் விழக்கூடாது. ஐஸ் பெட்டி இல்லாமல் வருகிற மீனை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள். இதைப் பலமுறை எழுதிவிட்டேன், இனியும் எழுதுவேன்.

கேள்வி: சித்திரைக்கார் எங்கள் சொந்த நெல். பிள்ளைகள் வெள்ளைச் சோறுதான் வேண்டும் என்கிறார்கள். விற்றுவிட்டுக் கடையில் பொன்னி வாங்கிவிடலாமா? (ராஜசிங்கமங்கலம்)

பதில்: நாரை பறக்காத நாற்பத்தெட்டு மடைக் கண்மாய் ஊரிலிருந்தா இந்தக் கேள்வி! மனசு கேட்கவில்லை. வறட்சி தாங்குகிற சிவப்பரிசி அது. புழுதியில் விதைத்து மழைக்குக் காத்திருக்கிற பயிர். மாதக்கணக்கில் தண்ணீர் கட்டி நிற்கிற வயலில் மீத்தேன் அதிகம் கிளம்பும், உங்கள் மானாவாரி வயலில் அது குறைவு. பொன்னியை வெளியூரிலிருந்து லாரியில் கொண்டுவரும் செலவும் இல்லை. உடம்புக்கு நார்ச்சத்து லாபம்.

சுடுசோறாக வைத்தால் அரிசியின் பருமன் பிள்ளைகளுக்குப் பிடிக்காது. ராத்திரி தண்ணீர் ஊற்றி வைத்துக் காலையில் மோரும் உப்பும் கரைத்துக் கொடுங்கள். கூழ்போல் குழைத்துக் கொழுக்கட்டைக்கும் ஆகும். முதலில் பாதிக்குப் பாதி வெள்ளை அரிசி கலந்து பழக்குங்கள். குதிரைவாலி பற்றிக் கேட்ட கமுதி வாசகருக்கும் இதேதான் பதில். பாக்கெட்டில் வெள்ளை வெளேரென்று தீட்டி வருவதை வாங்காதீர்கள், தவிடு போன சிறுதானியத்தில் நிறையச் சத்து போய்விட்டது.

கேள்வி: நோன்பு திறக்கக் கடல்பாசி காய்ச்சுகிறோம். அதில் அயோடின் நிறைய உண்டாமே? (பெரியபட்டினம்)

பதில்: நீங்கள் காய்ச்சுகிற கடல்பாசி அகர் எனப்படும்; அது பக்குவமாகி வரும்போது அயோடினில் பெரும்பகுதி போய்விடும். அதற்கு அயோடின் உப்பையே நம்புங்கள். பாசியில் மிஞ்சுவது நார்ச்சத்து. வெயில் நோன்புக்குப் பிறகு வயிற்றுக்கு இதம். ரோஸ் சிரப்பும் சீனியும் கொட்டாமல் இளநீரில் காய்ச்சிப் பாருங்கள்.

இந்தப் பாசிக்குப் பின்னால் மன்னார் வளைகுடாவில் முங்கி எடுக்கிற பெண்கள் இருக்கிறார்கள் என்பதையும் நினைத்துக்கொள்ளுங்கள். மாதத்தில் குறிப்பிட்ட நாட்கள் மட்டும் எடுப்பது, பாசி வளர இடைவெளி விடுவது என்று தாங்களே கட்டுப்பாடு வைத்துக்கொண்டவர்கள். சின்னப்பாலத்து லட்சுமி மூர்த்திக்கு 2015-ல், தீவுகளின் சூழலைக் காக்கும் சீகாலஜி அமைப்பின் விருது கிடைத்தது அதற்காகத்தான். கடலில் எடுப்பதற்கும் ஒரு நிதானம் உண்டு என்று அவர்களிடம் கற்றுக்கொள்ளலாம்.

கேள்வி: சினை நண்டுதான் ருசி. தனியாகக் கேட்டு வாங்குகிறோம், தப்பா? (பாம்பன்)

பதில்: தப்பு. வயிற்றுக்கடியில் மஞ்சளாகவோ கறுப்பாகவோ பஞ்சு போல ஒட்டியிருப்பது லட்சக்கணக்கான முட்டை. நீங்கள் கேட்பதை நிறுத்தினால் வலையிலிருந்து எடுத்தவர் கடலில் விடுவார். ஆண் நண்டில் சதை அதிகம், அதைக் கேளுங்கள்.

கேள்வி: ஓட்டலில் மீன்குழம்பைச் சூடாகப் பிளாஸ்டிக் பையில் கட்டிக் கொடுக்கிறார்கள். பரவாயில்லையா? (ராமேஸ்வரம்)

பதில்: பரவாயில்லை என்று எப்படிச் சொல்வது? கொதிக்கிற புளியும் எண்ணெயும் பையில் உள்ளதைக் குழம்பில் இழுக்கும். அந்தப் பை காற்றில் பறந்து கடலுக்குத்தான் போகும், ஆமை அதைச் சொறிமீன் என்று நினைத்து விழுங்கும். தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1-லிருந்து இந்தப் பைகளுக்குத் தடை இருக்கிறது. வீட்டிலிருந்து ஒரு தூக்குவாளி எடுத்துப் போங்கள். ஊற்ற மாட்டேன் என்று எந்தக் கடைக்காரரும் சொன்னதில்லை.